பெட்டியில் எழுதிய வாட், சாலையில் கிடைக்கும் வாட்

அத்தியாயம் 7: ஏரோ வீல் வாங்குவதற்கு முன்

"20 வாட் மிச்சம்", "40 கிலோமீட்டரில் ஒரு நிமிடம் குறையும்", "இதுவரை வந்ததிலேயே வேகமான வீல்". ஏரோ வீல் விளம்பரங்களில் இப்படிப்பட்ட வரிகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த எண்களில் பல பொய்யல்ல. ஏதோ ஒரு காற்றுச் சுரங்கத்தில் உண்மையிலேயே அளந்தவைதான். ஆனால் எந்த வேகத்தில் அளந்தார்கள், எந்த வீலோடு ஒப்பிட்டார்கள், காற்று எந்தக் கோணத்தில் வந்தது, எந்த டயர் போட்டிருந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஒரு ஜோடி கார்பன் வீலின் விலைக்கு ஒரு நல்ல சைக்கிளே வாங்கலாம். அவ்வளவு பணம் கொடுக்கிறவர் அந்த விவரங்களைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் நான்கு வேலைகளைச் செய்யப்போகிறீர்கள்.

1. விளம்பர வரியில் விடுபட்ட விவரங்களைத் தேடி எடுப்பது.
2. அந்த எண்ணை உங்கள் வேகத்துக்கு மாற்றுவது.
3. முடிந்தால் சாலையில் சோதித்துப் பார்ப்பது.
4. பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று முடிவு செய்வது.

தேவையானவை: கால்குலேட்டர், காற்றழுத்தம் காட்டும் பம்ப், டயர் அகலம் அளக்க வெர்னியர் காலிப்பர், ஒரு நோட்டு. சாலைச் சோதனைக்குப் பவர் மீட்டரும் வேகத்தைப் பதிவு செய்யும் சைக்கிள் கம்ப்யூட்டரும் வேண்டும். பவர் மீட்டர் இல்லாதவர்கள் முதல், இரண்டாம், நான்காம் வேலைகளை மட்டும் செய்தாலே போதும். தவறான செலவு பெரும்பாலும் அங்கேயே தடுக்கப்பட்டுவிடும்.

## தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது உங்கள் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. மிச்சம் டயரின் உருளல் தடைக்கும் செயினில் ஏற்படும் உராய்வுக்கும் போகிறது. காற்றுக்காகச் செலவாகும் வாட், வேகத்தின் கனமடங்காக உயரும். வேகம் இரண்டு மடங்கானால் செலவு எட்டு மடங்கு.

அந்தக் காற்றெதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது. மீதிக் கால் பங்கை ஃபிரேம், ஹேண்டில்பார், ஃபோர்க், வீல் எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. வீலை மாற்றினால் அந்தச் சிறிய பங்கில் ஒரு பகுதி மட்டுமே குறையும்.

கணக்கு எளிதாக இருக்க, இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே உதாரண ஓட்டுநரை வைத்துக்கொள்வோம். அவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. காற்றெதிர்ப்புப் பரப்பு 0.35 சதுர மீட்டர். இதை ஆங்கிலச் சுருக்கத்தில் சிடிஏ என்பார்கள். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ. டயரின் உருளல் தடை எண் 0.005. இவர் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகக் காற்றுக்கு 117 வாட், டயருக்கு 33 வாட், ஆக மொத்தம் 150 வாட் தேவைப்படும்.

## வேலை 1: விளம்பர வரியை முழுமையாக்குங்கள்

தயாரிப்பாளரின் இணையதளத்தையோ கையேட்டையோ திறந்து, கீழே உள்ள கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் "இல்லை" என்று எழுதுங்கள். அந்த "இல்லை"களின் எண்ணிக்கையும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

1. எதோடு ஒப்பிட்டார்கள்? தட்டையான அலுமினிய ரிம், 32 வட்ட ஸ்போக்ஸ் உள்ள பழைய வீலோடு ஒப்பிட்டால் எந்த ஆழமான ரிம்மும் பெரிய வித்தியாசம் காட்டும். இரண்டு நல்ல 50 மி.மீ. ரிம்களை ஒப்பிட்டால் வித்தியாசம் சில வாட்டுகளாகச் சுருங்கிவிடும். உங்கள் சைக்கிளில் இப்போது இருக்கும் வீல் இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள்.

2. எந்த வேகம்? சுரங்கச் சோதனைகள் பெரும்பாலும் மணிக்கு 45 அல்லது 48 கி.மீ. வேகத்தில் நடக்கின்றன. கருவிகள் தெளிவாக அளக்க அந்த வேகம் உதவுகிறது என்பது நியாயமான காரணம். ஆனால் அது தொழில்முறை வீரர்களின் வேகம். உங்கள் வேகத்துக்கு மாற்றாமல் அந்த எண்ணைப் பயன்படுத்தக்கூடாது.

3. எந்தக் கோணம்? பக்கக்காற்றும் நீங்கள் ஓட்டுவதால் எழும் எதிர்காற்றும் சேர்ந்து, வீலை ஒரு சாய்ந்த கோணத்தில் தாக்குகின்றன. சில கோணங்களில் ஆழமான ரிம் பாய்மரம் போல வேலை செய்து எதிர்ப்பைக் குறைக்கும். கோணம் மேலும் கூடினால் ரிம்மை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு, அந்தப் பலன் திடீரென்று விழுந்துவிடும். போட்டி நிறுவனத்தின் வீலில் பலன் விழும் கோணத்தைப் பார்த்து, அந்த ஒற்றைப் புள்ளியின் எண்ணை விளம்பரத்தில் போட முடியும். 0 முதல் 20 டிகிரி வரை முழு வரைபடம் கொடுத்திருக்கிறார்களா? சாலையில் எந்தக் கோணம் எவ்வளவு நேரம் வரும் என்று எடை போட்டுச் சராசரி சொல்லியிருக்கிறார்களா? அப்படிச் சொல்பவர்களை அதிகம் நம்பலாம்.

4. எந்த டயர்? டயர் ரிம்மைவிட அகலமாகப் புடைத்து நின்றால் காற்று ரிம்மை ஒட்டி ஓடாது. ஜிப் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோஷ் பர்ட்னர் இதற்கு ஒரு கைக்கணக்கு சொன்னார்: ரிம்மின் வெளி அகலம், டயரின் உண்மையான அகலத்தில் 105 சதவீதமாவது இருக்க வேண்டும். டயரில் அச்சிட்ட அளவை நம்பாமல், காற்றடித்தபின் காலிப்பரால் அளந்து பாருங்கள். 25 மி.மீ. டயரில் அளந்த எண்ணை, 30 மி.மீ. டயர் போடப்போகும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

5. வீல் மட்டுமா, முழுச் சைக்கிளா? சுரங்கத்தில் வீலைத் தனியாக நிறுத்தினால் அதன் மேல் சுத்தமான காற்று படும். சைக்கிளில் பின்வீல், ஃபிரேமுக்கும் உங்கள் கால்களுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. தனி வீலின் லாபத்தை இரண்டால் பெருக்கி ஜோடிக்கு அவ்வளவு என்று சொன்னால் அது மிகையான கணக்கு. சைக்கிளில் ஓட்டுநரோ கால் அசையும் பொம்மையோ வைத்து அளந்த எண்ணே உங்களுக்குப் பயன்படும்.

6. யார் அளந்தார்கள்? தயாரிப்பாளரே அளந்ததா, வெளியார் அளந்ததா? ஜெர்மனியின் 'டூர்' பத்திரிகை போன்றவை பல நிறுவனங்களின் பொருட்களை ஒரே முறையில், ஒரே வேகத்தில் அளக்கின்றன. அப்படிப்பட்ட பட்டியலில் உங்கள் வீல் இருந்தால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: கிராமில் சொன்ன எண்ணை எடை என்று நினைப்பது. "100 கிராம் தடை" என்பது விசையின் அளவு. அதை வாட்டாக்க, கிராமை 0.0098 ஆல் பெருக்கி, வரும் விடையை நொடிக்கு மீட்டரில் உள்ள வேகத்தால் பெருக்குங்கள். மணிக்கு 48 கி.மீ. என்பது நொடிக்கு 13.3 மீட்டர். ஆகவே 100 கிராம் தடை அந்த வேகத்தில் சுமார் 13 வாட்.

இன்னொரு தவறு: "சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்கு" என்பதை எல்லா இடத்திலும் பொருத்துவது. ரிம்மில் உள்ள எடை ஏறக்குறைய இரண்டு மடங்காக எண்ணப்படுவது வேகம் கூட்டும் சில நொடிகளில் மட்டுமே. சீரான வேகத்தில் ஏறும்போது ஒரு கிராம் ஒரு கிராம்தான். 400 கிராம் குறைந்த வீல், மொத்தம் 80 கிலோவில் அரை சதவீதம். செங்குத்தான ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 18 நொடி.

## வேலை 2: உங்கள் வேகத்துக்கு மாற்றுங்கள்

1. நீங்கள் தனியாக, சமதளத்தில், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் சராசரி வேகத்தை எழுதுங்கள். நண்பர்களின் பின்னால் ஒதுங்கிப் போன நாளின் வேகத்தை எடுக்காதீர்கள்.
2. அதை விளம்பரத்தின் வேகத்தால் வகுங்கள்.
3. வந்த எண்ணை அதனாலேயே இரண்டு முறை பெருக்குங்கள். அதுதான் கனமடங்கு.
4. அதை விளம்பர வாட்டால் பெருக்குங்கள்.

மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் 20 வாட் மிச்சம் என்று சொன்ன வீல் மற்ற வேகங்களில் தருவது:

- 40 கி.மீ.: 12 வாட்
- 35 கி.மீ.: 8 வாட்
- 30 கி.மீ.: 5 வாட்
- 25 கி.மீ.: 3 வாட்
- 20 கி.மீ.: ஒன்றரை வாட்

இது தோராயம்தான். வேகம் குறையும்போது பக்கக்காற்றின் கோணம் கூடும். வீலின் உயரத்தில் மணிக்கு 8 கி.மீ. பக்கக்காற்று இருந்தால், 48 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவருக்குக் கோணம் 9 டிகிரிக்குச் சற்று மேல். 30 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவருக்கோ 15 டிகிரி. அதனால் வரைபடத்தில் உங்களுக்குரிய கோணத்தையே பார்க்க வேண்டும். வானிலை அறிக்கையின் காற்றுவேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். சைக்கிளின் உயரத்தில் காற்று அதைவிட மெதுவாகவே வீசும்.

### வாட் சுருங்கினாலும் நொடி சுருங்காது

"நான் மெதுவாக ஓட்டுபவன், எனக்கு ஏரோவே தேவையில்லை" என்று பலர் சொல்வார்கள். அதுவும் தவறுதான். நம் உதாரண ஓட்டுநர் அதே 150 வாட்டில் 40 கி.மீ. போக 80 நிமிடம் எடுக்கிறார். 5 வாட் மிச்சமானால் வேகம் ஏறக்குறைய 1.3 சதவீதம் கூடி, ஒரு நிமிடம் குறையும். அதே தூரத்தை 50 நிமிடத்தில் முடிக்கும் வேகமான வீரருக்கு, அதே வீலின் 20 வாட்டால் 40 நொடியே குறையும். மெதுவாகப் போகிறவர் அதிக நேரம் காற்றில் இருப்பதே காரணம்.

ஆகவே விளம்பரத்தின் நொடிக்கணக்கு உங்கள் வேகத்தில் குறையாது. அங்கே சோதிக்க வேண்டியது ஒப்பிட்ட வீலைத்தான். உங்களிடம் ஏற்கெனவே ஓரளவு ஆழமான ரிம் இருந்து, புதியது உங்கள் வேகத்தில் 2 வாட் மட்டும் குறைத்தால், 40 கி.மீ.க்குக் கிடைப்பது 25 நொடி. அதுவும் தனியாக, நிற்காமல், சமதளத்தில் ஓட்டினால்தான். கூட்டத்தின் நடுவில் போகும்போது காற்றெதிர்ப்பே வெகுவாகக் குறைந்துவிடுவதால், வீலின் லாபமும் கூடவே குறையும்.

## வேலை 3: சாலையில் சோதித்துப் பாருங்கள்

நண்பரிடமிருந்தோ கடையிலிருந்தோ ஏரோ வீலைச் சில நாள் வாங்க முடிந்தால் இதைச் செய்யுங்கள். "ஓட்டும்போதே வித்தியாசம் தெரிகிறது" என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழமான கார்பன் ரிம்மின் ஓசையே வேகமாகப் போவதுபோல் தோன்ற வைக்கும்.

### எவ்வளவு கடினம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் உதாரண ஓட்டுநருக்கு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால், அதே வேகத்தைப் பிடிக்கச் சுமார் 30 வாட் கூடுதலாக வேண்டும். அது மிக மெல்லிய காற்று. பலருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் தேடுவது 5 வாட்.

"போய்த் திரும்பினால் காற்று சமமாகிவிடும்" என்பதும் முழு உண்மையல்ல. காற்றெதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக மாறுவதால், எதிரில் இழப்பது திரும்பும்போது கிடைப்பதைவிட அதிகம். நொடிக்கு 2 மீட்டர் காற்றில் போய்த் திரும்பினால் சராசரியில் சுமார் 7 வாட் கூடுதலாகக் காட்டும். காற்று அடங்கிய நேரத்தில் மட்டும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

### இடமும் நேரமும்

- வண்டிப் போக்குவரத்து மிகக் குறைந்த, சமமான, நல்ல தார்ச்சாலை. சிக்னல், வேகத்தடை கூடாது. கடந்து செல்லும் ஒரு லாரியின் காற்றே அந்த ஓட்டத்தின் அளவீட்டைக் கெடுத்துவிடும்.
- பொழுது விடிந்து வெளிச்சம் வந்ததும் தொடங்குங்கள். கடலோர ஊர்களில் கடற்காற்று எழுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.
- ஹெல்மெட், பளிச்சென்ற உடை, முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். கம்ப்யூட்டர் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள். பதிவு தானாக நடக்கும். வீட்டில் வந்து பாருங்கள்.

### படிகள்

1. இரண்டு வீலிலும் ஒரே மாதிரி டயர், ஒரே ட்யூப், ஒரே காற்றழுத்தம். டயர் வேறானால் நீங்கள் அளப்பது டயரைத்தான். வெயிலில் வைத்த டயரில் அழுத்தம் ஏறும் என்பதால் இரண்டையும் நிழலில் வையுங்கள்.
2. பழைய வீலை 'அ' என்றும் புதியதை 'ஆ' என்றும் குறியுங்கள்.
3. ஒரே உடை, ஒரே தண்ணீர் பாட்டில், ஒரே கைப்பிடி நிலை. தலையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுகூட மாறக்கூடாது.
4. 15 நிமிடம் ஓட்டி உடலையும் பவர் மீட்டரையும் சூடாக்குங்கள். பவர் மீட்டரைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறை வீல் மாற்றிய பின்னும் இதைச் செய்யுங்கள்.
5. ஒரே வேகத்தில் போய்த் திரும்புங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: அ, ஆ, ஆ, அ. வெயில் ஏறுவதும் காற்று மெல்லக் கூடுவதும் இரண்டு வீலுக்கும் சமமாகப் பங்கிடப்பட இந்த வரிசை உதவும்.
6. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சராசரி வாட், சராசரி வேகம், வெப்பநிலை, நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். வெப்பம் 5 டிகிரி கூடினால் காற்று லேசாகி, அதனால் மட்டுமே 2 வாட் குறையும்.
7. இன்னொரு நாள் முழுவதையும் மறுபடி செய்யுங்கள். இம்முறை வரிசை ஆ, அ, அ, ஆ.

### முடிவைப் படிப்பது

முதலில் 'அ' ஓட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே வீலின் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே 6 வாட் வித்தியாசம் வந்து, 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையே 4 வாட் வந்தால், உங்கள் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. பவர் மீட்டர்களின் துல்லியமே ஒன்று, இரண்டு சதவீதம் முன்பின் இருக்கும். 150 வாட்டில் அது ஒன்றரை முதல் 3 வாட். பழைய அலுமினிய வீலுக்கும் 50 மி.மீ. ரிம்முக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையாகச் செய்தால் பிடிக்கலாம். இரண்டு ஏரோ வீல்களில் எது நல்லது என்று இந்த முறையில் தீர்மானிக்க முடியாது.

மேல்நிலை வழி: ராபர்ட் சுங் வகுத்த 'மெய்நிகர் உயரம்' முறை இதைவிடக் கூர்மையானது. பிரேக் பிடிக்காமல் சுற்றக்கூடிய ஒரு சிறு வளையப் பாதையில் பல சுற்று ஓட்டி, வேகத்தையும் வாட்டையும் பதிவு செய்யுங்கள். கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளின் ஏரோலேப் பகுதியில் பதிவைத் திறந்து, ஒவ்வொரு சுற்றும் தொடங்கிய உயரத்திலேயே முடிவதாகக் காட்டும்வரை சிடிஏ எண்ணை மாற்றுங்கள். பொருந்திய எண்ணே உங்கள் அளவீடு.

பவர் மீட்டர் இல்லாமல் சரிவில் உருட்டிப் பார்ப்பது: மிதிக்காமல் சரிவில் இறங்கி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது டயர்களை ஒப்பிட நல்ல வழி. ஆனால் மெல்லிய சரிவில் வேகம் குறைவு. அங்கே ஆதிக்கம் செலுத்துவது உருளல் தடை. காற்றெதிர்ப்பைக் காணச் செங்குத்தான சரிவில் வேகமாக இறங்கிச் சோதிக்காதீர்கள். ஆபத்துக்குத் தகுந்த பலன் அதில் கிடைக்காது.

### ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் சைக்கிள் வீரர் பிரான்செஸ்கோ மோசர், ஒரு மணி நேரத்தில் ஓட்டிய தூரத்துக்கான சாதனையை முதலில் 50.808 கி.மீ. என்றும், நான்கு நாள் கழித்து 51.151 கி.மீ. என்றும் உயர்த்தினார். அதே நகரில் 1972ல் எடி மெர்க்ஸ் வைத்த 49.431 கி.மீ. சாதனை அப்போது முறிந்தது. மோசரின் சைக்கிளில் இருந்த மூடிய தட்டு வீல்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. ஆனால் மெர்க்ஸிடம் இல்லாத உடை, ஹேண்டில்பார், ஃபிரேம், பயிற்சி முறை ஆகியவையும் மோசரிடம் இருந்தன. அந்தக் கூடுதல் தூரத்தில் வீலின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சாதனையை மட்டும் வைத்துப் பிரித்தெடுக்க முடியாது. இன்றும் "இந்த வீலில் வென்றார்" என்று விளம்பரம் வரும்போது இதே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் சோதனையிலும், புது வீல் போட்ட நாளில் புது ஜெர்ஸி போடாதீர்கள்.

## வேலை 4: செலவின் வரிசை

வேகத்தைக் கூட்டக் கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்.

1. உட்காரும் நிலை. கைகளைக் கீழ்ப்பிடிக்கு இறக்கி, முழங்கையை மடக்கி, சிடிஏவை 0.35லிருந்து 0.32க்குக் கொண்டுவந்தால் 30 கி.மீ. வேகத்தில் 10 வாட் மிச்சம். மேலே கணக்கிட்ட வீலின் இரண்டு மடங்கு, செலவு இல்லை. கழுத்தும் இடுப்பும் தாங்கும் அளவுக்குப் படிப்படியாகப் பழகுங்கள். முன்கையை ஹேண்டில்பாரின் மேல் படுக்கவைப்பதும், ஃபிரேம் குழாயில் உட்கார்ந்து இறங்குவதும் வேண்டாம். சர்வதேச சைக்கிள் சங்கமே 2021ல் சாலைப் போட்டிகளில் அவற்றைத் தடை செய்தது.
2. உடை. காற்றில் படபடக்கும் ஜெர்ஸிக்குப் பதில் உடலோடு ஒட்டியது.
3. டயரும் அழுத்தமும். உருளல் தடை எண் 0.006 உள்ள டயரிலிருந்து 0.004 உள்ளதற்கு மாறினால் நம் ஓட்டுநருக்கு 13 வாட் மிச்சம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், கூட்டத்தில் போனாலும், ஏற்றத்திலும் இந்த லாபம் தொடரும்.
4. செயின். சுத்தமாக, சரியாக எண்ணெயோ மெழுகோ இட்டு வையுங்கள்.
5. வீல். மேலே உள்ள நான்கும் முடிந்தபின்.

உட்காரும் நிலையை முதலிடத்தில் வைப்பதற்குச் சைக்கிள் வரலாற்றிலேயே சான்று உண்டு. கிறிஸ் போர்ட்மேன் 1996ல் மான்செஸ்டர் ஓடுதளத்தில், கைகளை முன்னே நீட்டிய நிலையில் நவீன சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. ஓட்டினார். 2000ல் அதே தளத்தில், மெர்க்ஸ் காலத்து வடிவச் சைக்கிளில், பழைய நிலையில் உட்கார்ந்து அவர் ஓட்டியது 49.441 கி.மீ. நான்கு வயது கூடியதும் உடல்நிலையும் இதில் சேரும் என்றாலும், ஏறக்குறைய 7 கி.மீ. வித்தியாசத்தில் பெரும்பங்கு உடல் இருந்த நிலையால் வந்தது.

## பாதுகாப்பு: வாட்டைவிட முக்கியமானவை

பக்கக்காற்று. முன்வீலில் ஆழமான ரிம் இருந்தால் காற்று ஹேண்டில்பாரையே திருப்பப் பார்க்கும். எடை குறைந்தவர்களுக்கு இது அதிகம். முதல் சில நாட்கள் காற்றில்லாத நேரத்தில் பழகுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடியுங்கள். பாலம், கட்டட இடைவெளி, பேருந்து கடக்கும் நொடி ஆகிய இடங்களில் சாலையோரம் ஒட்டிப் போகாமல் இடம் விட்டுப் போங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஓட்டுபவர்கள் முன்னால் குறைந்த ஆழம், பின்னால் அதிக ஆழம் என்று தேர்ந்தெடுப்பது நல்லது.

கொக்கி இல்லாத ரிம். டயரைக் கவ்வும் உள்விளிம்பு இல்லாத ரிம்களில் அழுத்தம் 5 பாரைத் தாண்டக்கூடாது. அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. பழக்கத்தில் 100 அடித்தால் டயர் கழன்று பறக்கும் அபாயம் உண்டு. ரிம் தயாரிப்பாளர் அனுமதித்த டயரை மட்டும், அவர் சொன்ன அகலத்தில் மட்டும் போடுங்கள்.

கார்பன் ரிம்மும் ரிம் பிரேக்கும். தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடு ஏறி ரிம் உருக்குலையலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இறக்கத்தில், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பின் விட்டு, ரிம் ஆற இடம் கொடுங்கள். கார்பனுக்கென்று உள்ள பிரேக் கட்டைகளையே போடுங்கள். லேடெக்ஸ் ட்யூப் இந்த ரிம்களுக்கு வேண்டாம்.

வீல் மாற்றும்போது. புது ரிம் அகலமாக இருந்தால் பிரேக் கட்டைகள் டயரில் உரசுகின்றனவா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக் என்றால் ரோட்டர் உரசாமல் சுழல வேண்டும். அச்சை அதில் எழுதிய அளவுக்கு முறுக்குங்கள். 50 மி.மீ. ரிம்முக்கு நீள வால்வு உள்ள ட்யூப் வேண்டும். அவசரத்துக்கு எடுத்துப் போகும் ட்யூபும் அப்படியே இருக்க வேண்டும்.

விலை மலிவான, பெயரில்லாத கார்பன் வீல். ஓட்டுநர் எடை வரம்பு, அழுத்த வரம்பு, உத்தரவாதம் மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். காற்றில் மிச்சமாகும் எந்த வாட்டும் உடைந்த ரிம்முக்கு ஈடாகாது.

## முடிவெடுக்க ஐந்து படிகள்

1. வேலை 1ல் உள்ள ஆறு கேள்விகளில் நான்குக்காவது எழுத்தில் பதில் இருக்கிறதா? இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள்.
2. உங்கள் வேகத்தில், உங்கள் இப்போதைய வீலோடு ஒப்பிட்டால் எத்தனை வாட்? 40 கி.மீ.க்கு எத்தனை நொடி?
3. வீலின் விலையை அந்த நொடிகளால் வகுங்கள். அதே கணக்கை டயருக்கும் உடைக்கும் போடுங்கள். எது மலிவோ அதை முதலில் வாங்குங்கள்.
4. உங்கள் சாலைகளின் காற்றுக்கும் இறக்கங்களுக்கும் அந்த ரிம் பாதுகாப்பானதா?
5. இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வேலை 3ஐச் செய்துவிடுங்கள்.

அழகுக்காக, ஓசைக்காக, ஆசைக்காக ஒரு வீல் வாங்குவதில் தவறில்லை. அது உங்கள் பணம், உங்கள் சைக்கிள். ஆனால் வேகத்துக்கென்று பணம் கொடுக்கும்போது, விற்பவரிடம் முழுக் கோண வரைபடத்தையும் ஒப்பிட்ட வீலின் பெயரையும் கேளுங்கள். கடைக்காரரிடம் இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் தொடர்ந்து கேட்டால்தான் அந்த விவரங்கள் பெட்டியிலேயே அச்சாகும்.